கட்டகோலோவில் ஆறு மணிநேரம்

வியாழக்கிழமை எங்கள் துறைக்கு
இரண்டு கப்பல்கள்.
பதினாறு மாடி வெள்ளை முதலில் வரும்.
அது வந்து நின்றுவிட்டால்
என் காபிக்கடை வாசலுக்கு வெயில் கிடையாது.
அதன் வாலுக்குப் பின்னால் நீலம்,
இருநூறு பேர் கொள்ளும் சின்னது,
அழைக்காத கல்யாணத்துக்கு வந்ததுபோல்
ஒதுங்கி நிற்கும்.

எது நல்ல கப்பல், ஸ்டமாத்தியா?
எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள்.
நான் எதிலும் ஏறியதில்லை.
இறங்குகிறவர்களைத் தெரியும், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரர்கள் (கப்பலைச் சொல்கிறேன்)
பசியில்லாமல் இறங்குவார்கள்.
மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை,
பிள்ளைகளின் தலைமுடியில் குளோரின்.
ஒரு காபி, ஐந்து நாற்காலி,
வைஃபை கடவுச்சொல் என்ன?

நீலத்தார்
தொப்பியும் பைனாகுலருமாய் வருவார்கள்.
ஒலிம்பியாவின் தூண்களை
நேற்றிரவு விரிவுரையிலேயே எண்ணி முடித்தவர்கள்.
மீன் எந்தக் கடலில் பிடித்தது,
வலையா தூண்டிலா என்றெல்லாம் விசாரித்துவிட்டு
சாலட் சொல்வார்கள்.

லீட்ஸ்காரர் க்ளைவ் ஓர்மரோட்
சக்கர நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிக்கொண்டு
நீலத்தைத் திட்டினார்.
லிஃப்ட் மூன்றாம் மாடியோடு நின்றுவிடுகிறதாம்.
நட்சத்திரம் காட்டுவது நான்காம் மாடியில்.
"நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்,
அன்றைக்கு மேகம்."

வெள்ளையின் சலவைப் பையன் வீர்யா,
லொம்போக் தீவுக்காரன்,
அரைமணி நேர விடுப்பில்
அம்மாவைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான்.
அவனிடம் நானே கேட்டேன், எது நல்ல கப்பல்?
"சலவை அறை தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கிற கப்பல்."
அப்படி ஒன்று உண்டா?
"கேள்விப்பட்டிருக்கிறேன், அக்கா."

ஆனால் நான் சொல்ல வந்தது
மூலை மேசையைப் பற்றி.

ஜெனோவாவிலிருந்து ஒட்டாவியோ, ஃபியொரென்சா.
திருமணமாகி நாற்பத்தொரு வருடம்.
அவளுக்கு நடனம் வேண்டும், அவருக்கு நிசப்தம்.
சண்டை மூன்று மாதம் நடந்து
கடைசியில் ஆளுக்கொரு கப்பல் ஏறிவிட்டார்கள்.
அவள் வெள்ளை. அவர் நீலம்.
இரண்டும் ஒரே கரையில் நிற்கும் ஊர்
எங்கள் ஊர் ஒன்றுதான்.

அவள் சொன்னாள்: பன்னிரண்டு சாப்பாட்டுக்கூடம்,
நேற்று ஒரு துருக்கிய பல்வைத்தியரோடு டாங்கோ.
அவர் சொன்னார்: புத்தக அறையில் தோல் நாற்காலி,
பத்து மணிக்கு விளக்கணைத்துவிடுகிறார்கள்,
அப்புறம் என் மூச்சு எனக்கே கேட்கிறது.
அவள் கேட்டாள், குறட்டையுமா?
அவர் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அவள் கைகழுவ உள்ளே போனபோது
என் பக்கம் சாய்ந்தார்.
"இரண்டும் ஒரே வழிதான் போகின்றன.
நாங்கள் ஒரு மணிநேரம் பின்னால்.
முன்தளத்தில் நின்றால்
அந்தப் பெரிய சனியனின் விளக்குகள் தெரியும்.
குளிர்தான்."
வேறொன்றும் சொல்லவில்லை.
பில்லை அவசரமாகக் கட்டிவிட்டு
மாத்திரை வாங்கப் போனார்.

அவளிடம் ஏதாவது இருக்கும் என்று காத்திருந்தேன்.
"நன்றாகத் தூங்குகிறேன்," என்றாள்,
"வருடக்கணக்கில் இப்படித் தூங்கியதில்லை."
முகம் உண்மையிலேயே தெளிந்திருந்தது.
பிறகு தட்டில் அவர் கடித்து வைத்திருந்த
பாதி பிஸ்கட்டை
நாப்கினில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.
தொடாத முழு பிஸ்கட் இரண்டு
பக்கத்திலேயே இருந்தன.

மூன்று மணிக்கு வெள்ளை ஊதியது.
அவ்வளவு பெரிய உடம்புக்கு
அது கிளம்புவது சத்தமே இல்லாமல்தான்:
முதலில் நிழல் நகரும்,
பிறகு எதிர்வீட்டுக் கொடியில் துணி பளிச்சிடும்.
ஐந்தாம் மாடியில் யாரோ கையசைத்தார்கள்,
எல்லோரும் யாருக்காவது அசைத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.
நீலத்தின் முன்தளத்தில் ஏற்கெனவே ஒரு தொப்பி.

மூலை மேசையில் வெயில் விழுந்தது.
சாஸருக்கடியில் ஏழு யூரோ இருந்தது.
அவர் ஏற்கெனவே கொடுத்திருந்தார்.
அவளுக்குத் தெரியாது.
கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.
இரண்டையும் கல்லாவில் போட்டுவிட்டு
நாற்காலிகளைத் துடைக்க ஆரம்பித்தேன்.